முதல் ஆட்டம் விட்ட பிறகு

1927 அக்டோபரில் பிரிட்டிஷ் இந்திய அரசு சினிமாவை ஆராய ஒரு குழு போட்டது. தலைவர், சென்னையில் பேர்போன வக்கீலான திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். லாகூர் முதல் ரங்கூன் வரை குழு ஊர் ஊராகச் சுற்றியது. 4,325 கேள்வித்தாள்கள் அனுப்பப்பட்டன. 353 சாட்சிகள் நேரில் விசாரிக்கப்பட்டார்கள். கேள்வித்தாள் ஒன்று காந்திக்கும் போனது. தான் சினிமாவுக்கே போனதில்லை, ஆகவே பதில் சொல்லத் தகுதியில்லை என்று எழுதிய காந்தி, வெளியில் நிற்பவன் கண்ணுக்கும் அது செய்கிற கேடு நன்றாகவே தெரிகிறது என்றும் அதே கடிதத்தில் எழுதிவிட்டார். படம் பார்க்காமலே கருத்துச் சொல்லி மாட்டிக்கொள்பவர்கள் இந்தக் கடிதத்தைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம்.

சாட்சி சொன்னவர்களில் அதிகாரிகள் உண்டு, படத் தொழிலில் இருந்தவர்கள் உண்டு, கல்வியாளர்களும் ஊர்ப் பிரமுகர்களும் உண்டு. கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தவர்தான் அந்தப் பட்டியலில் தேடினாலும் கிடைப்பது அரிது. இத்தனைக்கும் ஒரு படத்தின் தலையெழுத்து அன்றும் அவர் வாயில்தான் இருந்தது. படம் விட்டு வெளியே வந்து, எதிரே டிக்கெட்டுக்கு நிற்பவனிடம் அவர் சொல்கிற நாலு வார்த்தையை எந்தக் குழுவும் பதிவு செய்யவில்லை. தமிழ் சினிமாவின் வரலாற்றில் ஸ்டூடியோக்களுக்கு இடமுண்டு, நட்சத்திரங்களுக்கு இடமுண்டு, அரசியலுக்குத் தேவைக்கு மேலேயே இடமுண்டு. அந்த நாலு வார்த்தை எப்படிப் பயணம் செய்தது, எவ்வளவு வேகத்தில் பயணம் செய்தது என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் துண்டுப் படங்களையும் வாங்கிக்கொண்டு ஊர்சுற்றக் கிளம்பினார். கூடாரம் அடித்துக் காட்டி, அடுத்த ஊருக்குப் பெயர்ந்தார். அது ஊமைப்பட யுகம். திரையில் வரும் எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்களே அதிகம் என்பதால், திரைக்குப் பக்கத்தில் நின்று உரக்கக் கதை சொல்ல ஒரு ஆள் இருப்பார். இருப்பதைப் படித்ததோடு நில்லாமல் தன் சரக்கையும் கொஞ்சம் கலப்பார். தமிழ்நாட்டின் முதல் சினிமா விமர்சகர் யார் என்று கேட்டால், பெயர் தெரியாத அந்த ஆளைத்தான் காட்ட வேண்டும். படம் ஓடும்போதே விமர்சித்தவர்.

1931 அக்டோபர் 31ல் சென்னை கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' வெளியானது. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார், நாயகன் தெலுங்கில் பேசினார். ஒருவர் பேசுவது மற்றவருக்கு எப்படிப் புரிகிறது என்ற கேள்வி எவருக்கும் எழுந்ததாகத் தெரியவில்லை. படம் எப்படி என்பது அன்று கேள்வியே அல்ல. பேசுகிறதா என்பதுதான் கேள்வி. பேசியது. கூட்டம் குவிந்தது.

பேசும் படம் வந்ததும் கதைசொல்லிக்கு வேலை போயிற்று. ஆனால் டூரிங் டாக்கீஸில் பார்வையாளர்கள் வாயை மூடிக்கொண்டு பார்த்ததாக நினைக்க வேண்டாம். தரை, பெஞ்சு, நாற்காலி என்று வகுப்பு பிரித்து, பெண்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கி நடந்த அந்தக் கொட்டகைகளில் ஒரே ஒரு புரொஜெக்டர்தான் இருக்கும். ரீல் மாற்ற வேண்டும் என்பதால் ஒரு படத்துக்கு இரண்டு மூன்று இடைவேளைகூட உண்டு. ஒவ்வொரு இடைவேளையிலும் முறுக்கு, கடலை, கலர் சோடாவோடு ஒரு சுற்று விவாதம் நடக்கும். "இவன்தான் கொன்னிருப்பான்" என்று பெஞ்சிலிருந்து ஒருவர் தீர்ப்புச் சொல்ல, தரையிலிருந்து ஒருவர் மறுப்பார். பாட்டு பிடித்துவிட்டால் 'ஒன்ஸ் மோர்'. பிடிக்காவிட்டால் பீடி பற்றவைக்க வெளியே போய்விடுவார்கள். இயக்குநருக்கு இதைவிடத் துல்லியமான அறிக்கை யாரும் எழுதித்தர முடியாது.

கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்கும். நடிகர் பட்டியல், பாட்டு வரிகள், முன்னால் கதைச்சுருக்கம். கதைச்சுருக்கம் சரியாகக் கழுத்தில் கத்தி வைக்கும் இடத்தில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும். மீதியைக் காண வழியில்லாதவர்களுக்கு வேறொரு ஏற்பாடு இருந்தது. டவுனுக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்தவர் ஊரில் மறுநாள் கதை சொல்வார். திண்ணையில் பீடி சுற்றும் பெண்களுக்கு நடுவில், களையெடுக்கும் வரிசையில், பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில், எழுத்துப் போடுவதிலிருந்து தொடங்கி 'வணக்கம்' போடும்வரை சொல்வார். சண்டைக்கு வாயாலேயே அடி விழும். பின்னணி இசையும் அவரே. நன்றாகச் சொல்பவருக்கு ஊரில் தனி மரியாதை. இரண்டு மணி நேரப் படத்தை மூன்று மணி நேரம் சொன்னவர்களும் உண்டு. அப்படிச் சொல்லும்போது அவர் ஒரு பாத்திரத்தை விட்டுவிட்டால், அதுதான் அந்தப் பாத்திரம் பற்றிய விமர்சனம்.

அச்சில் வந்த விமர்சனம் தாமதமாகத்தான் சூடுபிடித்தது. கல்கி 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் சங்கீதத்தையும் நாடகத்தையும் சினிமாவையும் ஒரே கிண்டலோடு அளந்தார். பின்னாளில் 'பேசும் படம்' போன்ற சினிமாப் பத்திரிகைகள் வேரூன்றின. பி.ஆர்.எஸ். கோபால் 'குண்டூசி' நடத்தினார். அந்தப் பெயர் அவருக்கே ஒட்டிக்கொண்டு கடைசிவரை குண்டூசி கோபாலாகவே இருந்தார். குத்துவதுதான் நோக்கம் என்று அட்டையிலேயே அறிவித்த பத்திரிகை உலகத்தில் வேறு எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை.

ஆனால் பத்திரிகையின் தீர்ப்பும் கொட்டகையின் தீர்ப்பும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'யைத் 'தினமணி கதிர்' கடுமையாகத் தாக்கி, படத்தின் பெயரைப் 'பரப்பிரம்மம்' என்று திரித்துக் கேலி செய்தது. வசனம் எழுதிய மு. கருணாநிதி சளைக்கவில்லை, அதே பெயரில் ஒரு நாடகம் எழுதி மேடையேற்றிவிட்டார். படத்தைத் தடை செய்ய வேண்டும் என்றுகூடக் குரல்கள் எழுந்தன. மதுரையில் அப்போதுதான் கட்டி முடித்த, ஆசியாவிலேயே பெரியது என்று பேர்வாங்கிய தங்கம் தியேட்டரில் திறப்பு விழாப் படமே 'பராசக்தி'தான். நீதிமன்ற வசனத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் இளைஞர்கள் தெருவுக்குத் தெரு முளைத்தார்கள். ஒரு படத்தின் வசனத்தைத் தலைகீழாகச் சொல்வதைவிட ஆதரவான விமர்சனம் வேறு என்ன இருக்க முடியும்?

இதற்கு நேர்மாறான கதை 1954ல் நடந்தது. வீணை எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்'. பாட்டு கிடையாது, நடனம் கிடையாது. ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய சிவாஜி கணேசன் ஆரம்பத்திலேயே சுடப்பட்டுச் செத்துவிடுகிறார். மீதிப் படம் யார் சுட்டது என்ற விசாரணை. படித்தவர்கள் பாராட்டினார்கள். காசு கொடுத்து வந்த கூட்டத்துக்கு ஏமாற்றம்; வெளியான நேரத்தில் படம் எதிர்பார்த்தபடி போகவில்லை. 'என்னப்பா, ஒரு பாட்டுகூட இல்லையாமே' என்ற ஒரு வரி போதுமானதாக இருந்தது. இன்று தமிழின் முக்கியமான படங்களைப் பட்டியல் போடுபவர்கள் அதை விடுவதில்லை.

வாய் வழியாகப் பரவும் சேதிக்கு அந்தக் காலத்தில் நேரம் இருந்தது. அதுதான் விஷயத்தின் மையம். 1944 தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. அத்தனை நாள் ஒரே இடத்தில் ஒரு படம் ஓடினால், ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் அதைப் பற்றிப் பேசி முடிக்கலாம். எழுபது, எண்பதுகள் வரைக்கும் பிரிண்டுகள் குறைவு, போடுகிற செலவும் அதிகம். சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் ஓடி முடித்த பெட்டிதான் பிறகு சிற்றூர்களுக்குப் போகும். திருமங்கலத்துக்குப் படம் வரும்போது அதில் கோடு விழுந்து மழை பெய்யும். அதற்குள் மதுரையிலிருந்து வந்த மாமாவும் சித்தப்பாவும் படத்தைப் பிரித்து மேய்ந்திருப்பார்கள். கருத்து முதலில் வந்து இடம்போட்டு வைக்கும், படம் பின்னால் வரும்.

விநியோகஸ்தர்களுக்கு இது தெரியும். என்.எஸ்.சி., எம்.ஆர்., டி.டி., டி.கே. என்று தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவாகப் பிரித்து வியாபாரம் செய்தவர்கள் அவர்கள். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு ஒரு ஏரியா. மதுரை, ராமநாதபுரம் இன்னொன்று. படப்பெட்டியோடு ஒரு பிரதிநிதியையும் அனுப்புவார்கள். தொழிலில் அவருக்கு 'ரெப்' என்று பெயர். கிழித்த டிக்கெட்டுக்கும் கல்லாவில் விழுந்த காசுக்கும் கணக்குச் சரியா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. நல்ல ரெப் அதோடு நிற்கமாட்டார். இடைவேளையில் டீக்கடைப் பக்கம் நின்று காது கொடுப்பார். எந்தப் பாட்டுக்கு ஜனம் எழுந்து போகிறது, எந்த வசனத்துக்கு விசில், இரண்டாவது ஆட்டத்துக்குப் பெண்கள் வருகிறார்களா என்பதெல்லாம் கம்பெனிக்குப் போகும். 'ஏ சென்டரில் எடுபடும், சி-யில் ஓடாது' போன்ற தொழில் ஞானம் இப்படித்தான் சேர்ந்தது. அந்த அறிக்கைகளை யாராவது பத்திரப்படுத்தியிருந்தால் ரங்காச்சாரியார் குழுவின் தொகுதிகளுக்குப் பக்கத்தில் வைக்கலாம். அவற்றில் இல்லாத ஆள் இவற்றில் இருப்பார்.

பெண்கள் வருகிறார்களா என்ற கேள்வி சும்மா கேட்டதல்ல. ஆண்கள் முதல் வாரத்தை நிரப்பலாம், படத்தை நூறு நாளுக்கு இழுத்துப்போவது குடும்பக் கூட்டம். இரண்டாவது வாரத்துத் தினத்தந்தி விளம்பரத்தில் 'தாய்க்குலத்தின் பேராதரவு' என்று கொட்டை எழுத்தில் போட்டால், தெருக்குழாயடியில் படம் பாஸாகிவிட்டது என்று அர்த்தம். 1984ல் வந்த 'விதி'யில் நீதிமன்றக் காட்சி அப்படிப் பேசப்பட்டது. பாட்டுக்குப் பதிலாக வசனத்தை ஒலிநாடாவாகப் போட்டு விற்றார்கள். டீக்கடையிலும் கல்யாணப் பந்தலிலும் சுஜாதாவின் குறுக்கு விசாரணை முழங்கியது. மணமக்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில், ஏமாற்றிய காதலனைக் கூண்டில் ஏற்றும் வசனத்தைப் போடலாமா என்று எவரும் யோசிக்கவில்லை.

மெதுவாகப் பரவும் சேதியால் பிழைத்த படங்களில் 'ஒருதலை ராகம்' தனி ரகம். 1980ல் வந்தபோது அதில் தெரிந்த முகம் என்று ஒருவரும் இல்லை. முதல் நாட்களில் தியேட்டர்கள் காற்று வாங்கின. பிறகு கல்லூரி மாணவர்கள் பார்த்தார்கள், விடுதியில் போய்ச் சொன்னார்கள், அடுத்த நாள் விடுதியே வந்தது. டி. ராஜேந்தரின் பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது. இன்றைய கணக்குப்படி அது முதல் திங்கட்கிழமையே தூக்கப்பட்டிருக்கும்.

பத்திரிகைகள் இதற்குள் ஒரு புது வழி கண்டுபிடித்திருந்தன. ஆனந்த விகடன் பரீட்சைத்தாள் போல மார்க் போட்டது. 1977ல் பாரதிராஜாவின் '16 வயதினிலே'வுக்குக் கொடுத்த 62.5தான் அதன் உச்சம். நாற்பதுக்கு மேல் வாங்கினாலே தயாரிப்பாளர் சந்தோஷப்படுவார் என்கிற அளவுக்குக் கை இறுக்கம். குமுதம் வேறு வழி. சில வரிகளில் ஒரு கிண்டல், ஒரு கிள்ளு, முடிந்தது கதை. வாராவாரம் சலூனில் முடிவெட்டக் காத்திருப்பவர்கள் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவார்கள். அரை மார்க் எதற்கு என்ற கேள்விக்கு மட்டும் ஒருவரும் திருப்தியான விடை சொன்னதில்லை.

1991 தீபாவளியன்று 'தளபதி'யும் 'குணா'வும் ஒரே நாளில் வந்தன. எது பெரிது என்று ரஜினி ரசிகனும் கமல் ரசிகனும் அடித்துக்கொண்டதில் டீக்கடை பெஞ்சுகள் தேய்ந்தன. வசூலில் 'தளபதி' முந்தியது. 'குணா'வின் குகை மட்டும் மக்கள் நினைவில் தங்கி, கொடைக்கானலில் இருந்த பழைய 'பிசாசின் சமையலறை'க்கே பெயர் மாறிப்போனது. 2024ல் மலையாளப் படமான 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' அந்தக் குகைக்கும் அந்தப் படத்துப் பாட்டுக்கும் போனபோது, தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் எழுந்த கைத்தட்டல் முப்பது வருஷம் தாமதமாக வந்த விமர்சனம்.

இந்த விவாதங்களை உட்கார்ந்து கேட்க ஒருவழியாக ஓர் ஆய்வாளரும் வந்தார். அமெரிக்க மானிடவியலாளர் சாரா டிக்கி, எண்பதுகளின் நடுவில் மதுரையில் தங்கி, நகரத்து ஏழை மக்கள் சினிமாவை எப்படிப் பார்க்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று விசாரித்தார். 1993ல் கேம்பிரிட்ஜ் அதைப் புத்தகமாக வெளியிட்டது. தரை டிக்கெட் ஆள் கடைசியில் ஆவணத்தில் ஏறினார்.

அதே 1993 ஏப்ரலில் சன் டி.வி. தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை 'டாப் டென்' தரவரிசை வீட்டுக்குள் வந்தது. அதன் பின்னாலேயே தியேட்டர் வாசலில் மைக்கும் வந்தது. மைக்கைக் கண்டதும் மனிதனின் கருத்து மாறுகிறது. நண்பனிடம் 'அறுவைடா' என்று சொல்பவர் கேமராவுக்கு முன்னால் சட்டையைச் சரிசெய்துகொண்டு 'படம் சூப்பர், தலைவர் பின்னிட்டார்' என்பார். பின்னால் நிற்கும் பத்துப் பேர் கையாட்டுவார்கள். நிஜமான தீர்ப்பு வண்டி ஸ்டாண்டில் நடந்துகொண்டிருக்கும்.

அந்த வண்டி ஸ்டாண்டின் கடைசிப் பெரிய வெற்றி பாலாவின் 'சேது'. விநியோகஸ்தர்கள் பலர் பார்த்தும் வாங்கத் துணியாத படம், 1999 டிசம்பரில் கிடைத்த பகல் காட்சிகளை வைத்துக்கொண்டு ஒப்புக்கு வெளியானது. பார்த்தவர்கள் பேசாமல் வெளியே வந்து, பிறகு ஓயாமல் பேசினார்கள். பகல் காட்சி எல்லாக் காட்சியும் ஆனது, தியேட்டர்கள் பெருகின, படம் நூறு நாளைத் தாண்டியது. விக்ரம் நட்சத்திரமானார். இதே சேதிதான் 2002ல் 'பாபா'வைக் கவிழ்த்தது. நஷ்டப்பட்ட விநியோகஸ்தர்களுக்கு ரஜினிகாந்த் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு.

அதன்பின் பெட்டியே இல்லாமல் போனது. டிஜிட்டலில் ஒரே நாளில் மாநிலம் முழுக்க, வெளிநாடு முழுக்கப் படம் இறங்கியது. பழனியிலும் பாரிஸிலும் ஒரே வெள்ளிக்கிழமை. போட்ட பணத்தை மூன்று நாளில் எடுக்க வேண்டும். அந்த மூன்று நாளுக்குள்ளாகவே யூடியூபில் விமர்சனம் வந்துவிடும். விமர்சிப்பவர்களே பிரபலங்களானார்கள். 'ப்ளூ சட்டை' மாறன் விமர்சனத்தில் பேர் வாங்கி, 2021ல் 'ஆன்டி இண்டியன்' என்று ஒரு படமே இயக்கினார். பிறர் கையில் அவர் படம் சிக்குவதைப் பார்க்கக் கோடம்பாக்கம் ஆவலாக இருந்தது என்பதில் சந்தேகமில்லை.

2023 பொங்கலுக்கு 'துணிவு' நள்ளிரவு ஒரு மணிக்கும் 'வாரிசு' விடியற்காலை நான்கு மணிக்கும் தொடங்கின. சென்னையில் தியேட்டர் கொண்டாட்டத்தின்போது ஓடும் லாரியிலிருந்து விழுந்து ரசிகர் ஒருவர் இறந்தார். அதன்பின் தமிழக அரசு அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி தரவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் 'லியோ' வந்தபோது இங்கே முதல் காட்சி காலை ஒன்பது மணிக்கு. கேரளத்திலோ நான்கு மணிக்கே. கோவை ரசிகர்கள் வாளையாரைத் தாண்டிப் பாலக்காட்டுக்கு வண்டி கட்டினார்கள். தமிழ்ப் படம் எப்படி என்ற சேதி, தமிழ்நாட்டில் திரை விலகுமுன் மலையாள தேசத்திலிருந்து வந்து சேர்ந்தது. மதுரை மாமா சொல்லித் திருமங்கலம் தெரிந்துகொண்ட காலத்திலிருந்து இது அவ்வளவு தூரமில்லை; வாரங்கள் மணிகளாகச் சுருங்கிவிட்டன, அவ்வளவுதான்.

2024 நவம்பரில் 'கங்குவா' வெளியாகிச் சில நாளில், தயாரிப்பாளர் சங்கம் ஒன்று தியேட்டர்காரர்களுக்கு வேண்டுகோள் வைத்தது: வளாகத்துக்குள் யூடியூப்காரர்களை விடாதீர்கள், ரசிகர்களிடம் கருத்துக் கேட்க அனுமதிக்காதீர்கள். சத்தம் காதைக் கிழிக்கிறது என்பதே அந்தப் படத்தின் மேல் பரவலான புகார். நாயகன் சூர்யாவின் மனைவி ஜோதிகாவே, முதல் அரை மணி நேரம் சரியில்லை, சத்தமும் அதிகம் என்று ஒப்புக்கொண்டு, மீதியைப் பேசாமல் இதை மட்டும் பிடித்துக்கொள்வது என்ன நியாயம் என்று கேட்டார். முதல் மூன்று நாள் விமர்சனத்தையே தடை செய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மனு போனது. கருத்துச் சுதந்திரத்தைச் சுட்டிக்காட்டி, இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது.

மனுவைப் படித்துச் சிரித்தவர்கள் பலர். ஆனால் தயாரிப்பாளர்கள் கேட்டது ஒருவகையில் பழைய நேரத்தைத்தான். 'ஒருதலை ராக'த்துக்கும் 'சேது'வுக்கும் கிடைத்த நேரம். அந்தப் படங்களுக்கு அந்த நேரம் வாயைப் பேசவிட்டதால் கிடைத்தது, பூட்டியதால் அல்ல என்பதைத்தான் மறந்துவிட்டார்கள். கேரளத்திலும் இதே வழக்கு நடந்தது. அங்கே நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர், 48 மணி நேரம் பொறுத்து விமர்சிக்கலாம் என்று 2024 மார்ச்சில் யோசனை சொன்னார். இங்கே மூன்று நாள், அங்கே இரண்டு நாள். பாலக்காட்டில் விடியற்காலைக் காட்சி பார்த்துவிட்டு ஏழரை மணிக்கு வாளையார் டீக்கடையில் இறங்கும் கோவை உக்கடத்துப் பையனிடம், கடைக்காரர் கிளாஸை ஆற்றிக்கொண்டே 'படம் எப்படி தம்பி?' என்று கேட்டால், அவன் எந்த மாநிலக் கணக்குப்படி வாயைத் திறப்பது?